வேண்டாம் என்று போட்ட வாக்கு

ஸ்கொட்லாந்து பிரிவதா என்று வாக்கெடுத்த அந்தச் செப்டெம்பரில், பாரிசில் லா சப்பலில் இருக்கும் எங்கள் கடைக் கண்ணாடியில் அப்பா அவர்களுடைய நீலக்கொடியை ஒட்டினார். பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் கடையில்தான் நின்றேன். கறிவேப்பிலை வாங்க வருபவர்களுக்கெல்லாம் அப்பா சரித்திரம் சொன்னார்.

“முந்நூறு வருசத்துக்கு முந்தித் தங்கடை பாராளுமன்றத்தை மூடிப்போட்டு லண்டனோடை சேர்ந்தவை. இப்ப பெட்டி வைச்சுக் கேக்கினம். ஈழத்திலை எங்களை ஆர் கேட்டவை?”

அக்கா யசோதினிக்குப் பேசியிருந்த கஜன் ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் வளர்ந்தவர். தையில் கல்யாணம்.

“அண்ணை, மருமகன் அந்த ஊர் ஆம்பிளையளைப் போலை பாவாடையோடையோ மணவறைக்கு வாறார்?” என்றார் கடைக்கு வந்த துஷாந்தி அன்ரி. அப்பாவும் சிரித்தார்.

முடிவு வந்த காலையில் அவர் சிரிக்கவில்லை. கூடுதலான பேர் வேண்டாம் என்று போட்டிருந்தார்கள். அப்பா கஜனுக்குப் போன் எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

“தம்பி, தோத்துப்போனம், என்ன?”

“மாமா... நானும் வேண்டாமெண்டுதான் போட்டனான்.”

“என்ன?”

“நான் ஸ்கொட்லாந்துக்காரன்தான் மாமா. கதைக்கேக்கையும், புட்போல் பாக்கேக்கையும். அதுக்குத் தனிநாடு வேணுமெண்டு எனக்குப் படேல்லை.”

அப்பா போனைத் துண்டித்தார். தாலி கட்டுமுன் மாப்பிள்ளை, இயக்கப் போராளியாகப் போரில் செத்த எங்கள் அண்ணன் மிதுசனின் படத்துக்கு விளக்கேற்றுவதாகப் பேச்சு.

“இவன்ரை கையாலை என்ரை பிள்ளைக்கு விளக்கோ? நாட்டுக்கெண்டு தானாப் போனவன் அவன். இந்தக் கல்யாணம் நடவாது.”

அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“கஜனைக் கேட்டவை, அவர் வேண்டாமெண்டார். அண்ணாவை ஆரப்பா கேட்டது? அம்மா காலிலை விழுந்து கத்தக் கத்த இயக்கக்காரர் இழுத்துக்கொண்டு போனவை. நீங்கள் இஞ்சை பாரிசிலை இருந்தனீங்கள்.”

“கொம்மா அப்பிடிச் சொல்லேல்லையே.”

“நீங்கள் தாங்கமாட்டியளெண்டு சொல்லேல்லை.”

அப்பா என் பக்கம் திரும்பினார். அண்ணனைக் கொண்டுபோன அன்று நான் ஊரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றவள். அவர் பார்வை பொய் சொல்லச் சொன்னது.

“ஓம் அப்பா. இழுத்துக்கொண்டுதான் போனவை” என்றேன்.

அவர் கடையின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார்த்திகையில் அக்கா ஒற்றைப் பெட்டியோடு கிளாஸ்கோவுக்குப் போனாள். வழியனுப்ப அம்மா மட்டும் போனா. கல்யாணம் ஏன் இங்கே நடக்கவில்லை என்று கேட்பவர்களிடம், சாதகம் பொருந்தவில்லை என்கிறார் அப்பா. மிதுசனைப் பற்றிக் கேட்டால், மிளகாய்த்தூளை நிறுத்தபடியே, தானாகப் போனவன் என்கிறார்.