ஒன்பதாவது ஃபியூஸ்

சீசன் தொடங்கும் நாளில் என் இடுப்பு என் பேச்சைக் கேட்காது. இந்த வருடம் முழங்காலும் அதோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. எங்கள் முதலாளியிடம் ஒன்பது கேரவன்கள் இருக்கின்றன. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ நிறுத்திக் குடும்பத்தோடு தங்குகிற சின்னச் சின்ன வீடுகள். வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு அது விடுமுறை. எனக்கோ பேட்டரி, அடுப்பு, ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப்பு என்று வருடம் முழுக்க மல்லுக்கட்டு. பதினாறு வருடமாக இதே பிழைப்பு. அலுத்துவிட்டது என்று சொல்லக்கூட அலுப்பாக இருக்கிறது.

பேட்டரியைக் கெடுக்க மனிதர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிய விடிய விளக்கைப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். பேட்டரித் தண்ணீர் விட வேண்டிய இடத்தில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். திரும்பக் கொண்டுவந்து விடும்போது, "நாங்க ஒண்ணுமே பண்ணலையே" என்று பால்மணம் மாறாத முகத்தோடு நிற்பார்கள். ஒரு மகராசன் ஃபிரிட்ஜில் மீனை மறந்து வைத்து, கதவை இறுகச் சாத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் திறந்த நாளில் எனக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

மழைக்காலத்தில் வண்டிகள் மூன்று மாதம் சும்மா நிற்கும். அப்போதும் பேட்டரியைச் சத்தமில்லாமல் தின்கிற ஒன்று உண்டு. கேஸ் கசிந்தால் அலறுகிற அலாரம். அடுப்புக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. சிலிண்டர் கேஸ் கனமானது, கசிந்தால் தரையோடு தவழும் என்பதால் அதை அவ்வளவு கீழே வைத்திருக்கிறார்கள். இருபத்துநாலு மணிநேரமும் அது விழித்திருக்கக் கரண்ட் வேண்டும். மூட்டமான நாட்களில் கூரைமேல் இருக்கிற சோலார் பலகை அதற்கு ஈடுகொடுக்காது.

அதனால் வண்டியை நிறுத்தி வைக்கும்போது அலாரத்தின் ஃபியூஸைப் பிடுங்கி, கதவுக் கைப்பிடியின் உள்பக்கத்தில் சிவப்பு டேப்பால் ஒட்டிவிடுவேன். நகத்தளவு சாமான்தான். கைப்பிடியைத் தொடாமல் யாரும் வண்டியை விட்டு இறங்க முடியாது, தொட்டால் ஃபியூஸ் ஞாபகம் வந்தே தீரும். என் மூளையில் உதித்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்த வருடம் வண்டி கழுவுகிற அண்ணன் எனக்கு உதவி செய்துவிட்டார். கைப்பிடிகளைப் பளபளவென்று துடைக்கிறேன் பேர்வழி என்று ஒன்பது டேப்பையும் உரித்து, ஒன்பது ஃபியூஸையும் ஒரு டம்ளரில் போட்டு என் மேஜையில் வைத்திருந்தார்.

"தொலைஞ்சுடக் கூடாதுன்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்கேம்மா."

நல்ல மனசுக்காரரை எந்த வாயால் திட்டுவது? டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக வண்டி வண்டியாக ஏறி இறங்கினேன். நடுவில் முதலாளி, "பின்னாடி லைட்டு எரியல, சீக்கிரம் வாம்மா" என்று கத்தினார். போனேன். சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடம் என்று நினைத்து ஒரு வண்டியில் ஏறினேன். அது விட்ட இடத்துக்கு அடுத்த வண்டியாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் வாசலில் ஆட்கள் வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மதியம் இரண்டு மணி. ஒன்பது வண்டிகளும் கிளம்பிப் போயிருந்தன. வெளியே தூறல். டீ ஊற்றிக் குடிக்கலாமென்று டம்ளரை எடுத்தேன். அடியில் ஒரு ஃபியூஸ் கிடந்தது.

எங்கோ ஒரு குடும்பம், ஊமை அலாரத்தை நம்பி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாளியிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸ்பேர் ஏதாச்சும் கலந்திருக்கும். எதுக்கெடுத்தாலும் பதறாதே."

"ஸ்பேரெல்லாம் பெட்டியில இருக்கு. இதுல ஒன்பதுதான் இருந்துச்சு. எல்லாருக்கும் ஃபோன் போடணும்."

"போட்டு? அலாரம் வேலை செய்யலன்னு சொல்லப் போறியா? அடுத்த வருஷம் எவன் வருவான்?"

"அடுத்த வருஷம் வர்றதுக்கு அவங்க உசிரோட இருக்கணுமில்ல?"

முதலாளி கஸ்டமர்களின் நம்பர் நோட்டை எடுத்து நீட்டினார்.

வரிசையாக அழைத்தேன். "ஒண்ணுமில்லைங்க, சும்மா ஒரு செக்கிங். கேஸ் அலாரத்துல பச்சை லைட் எரியுதான்னு பாருங்க." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டு, டிவி ஏன் வரவில்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போர்வையை எடுத்து வைக்காதது யார் என்று சண்டை போட்டுக்கொண்டே, எரியுது எரியுது என்றார்கள். எட்டாவதாக, காலையில் தொப்பி போட்டுக்கொண்டு வந்த மனிதர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள்.

"சூப்பரா எரியுது மேடம். கண்ணுக்கு நேரா தெரியுதே!"

ஒன்பதாவது ஆளும் எரிகிறது என்றார். முதலாளி, "சொன்னேனா இல்லையா?" என்று சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து டீயைக் குடித்தேன். அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தேன். அலுப்பில் கண் செருகியது.

கண்ணுக்கு நேராகவா?

அந்த அலாரத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். கண்ணுக்கு நேராக இருப்பது அடுப்புக்கு மேலே உள்ள சுவிட்ச் பலகை. பேட்டரி நிறைந்திருந்தால் அதில் பச்சை எரியும். நான் பார்த்துப் பார்த்துச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. எரியாமல் என்ன செய்யும்? பட்டனை அழுத்துங்கள், சத்தம் என் காதில் விழட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். முட்டாள் மாதிரி லைட்டைக் கேட்டிருக்கிறேன்.

தொப்பிக்காரரின் ஃபோன் முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும் ஓய்ந்தது. என் முகத்தைப் பார்த்த முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை எடுத்தார். நாக்கு குழறுகிற தூக்கக் குரல்.

"என்ன மேடம், இப்பதானே பேசினீங்க..."

"கேஸ் வாடை ஏதாச்சும் வருதா?"

"இல்லையே. டீ போட்டுக் குடிச்சோம். மழைச்சாரல் அடிக்குதுன்னு எல்லா ஜன்னலையும் சாத்திட்டுப் படுத்துட்டோம். எனக்குத்தான் தலை கிறுகிறுங்குது. வண்டி ஓட்டின அலுப்பு."

கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற வாடை உள்ளேயே இருக்கிறவர்களின் மூக்குக்குப் பழகிவிடும். தூங்குகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

"பிள்ளைங்க எங்க?"

"கீழ மெத்தையைப் போட்டுத் தூங்குதுங்க."

கீழே. தரையோடு.

"நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. லைட்டு, ஃபேன், எந்த சுவிட்சையும் தொடாதீங்க. பிள்ளைங்களைத் தூக்கிட்டு இப்பவே வெளிய போங்க."

"மழை கொட்டுது மேடம்..."

"நனையட்டும்! தூக்குங்கய்யா!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஃபோன் எதிலோ இடித்தது. "ஏய், எழுந்திரு, புள்ளையைத் தூக்கு" என்று அவர் மனைவியை எழுப்புவது கேட்டது. "ஐயோ, அடுப்புத் திருகு பாதி திறந்தே கிடக்குதுங்க!" என்று அந்த அம்மா அலறினாள். ஜன்னல் சாத்துவதற்கு முன்னால் காற்றில் தீ அணைந்திருக்க வேண்டும், திருகை மூடியாயிற்று என்று நினைத்து விட்டிருப்பார்கள். கதவு படீரென்று திறந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ஒரு குழந்தை சிணுங்கியது.

"இன்னொண்ணு? இன்னொரு பிள்ளை?" என்று கத்தினேன்.

அவர் ஏதோ பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கன்னத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலாளி என் பக்கத்தில் மூச்சு விடாமல் நின்றார். அப்புறம், மழைக்கு மேலாக, இன்னொரு குரல் வீறிட்டு அழுதது. அரைத் தூக்கத்தில் மழையில் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வெளிப்பக்கம் இருக்கிற சிலிண்டரை மூடச் சொன்னேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். மூடிவிட்டு வந்து அவர் மூச்சு வாங்கினார்.

"தெய்வம் மாதிரி ஃபோன் பண்ணீங்க மேடம். இல்லேன்னா..."

முதலாளி வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"தெய்வமெல்லாம் இல்லைங்க," என்றேன். "உங்க அலாரத்தோட ஃபியூஸ் என் கையிலதான் இருக்கு. நான்தான் மாட்டாம விட்டுட்டேன்."

ஃபோன் கைமாறியது. மனைவியின் குரல்.

"கேக்குதா?"

"சொல்லுங்கம்மா."

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டும் அழுவுதுங்க. நீங்களே கேளுங்க."

ஃபோனைப் பிள்ளைகளிடம் நீட்டிப் பிடித்தாள். அவளாக வைக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.