கழுவிக் குடித்த எழுத்து

மஸீஹா பாலைக்கூட இரண்டு தரம் மோந்து பார்த்துத்தான் காய்ச்சுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கலந்தர் மேல் சந்தேகம் வந்ததில் அதிசயமில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

வீட்டு வேலை முடிந்த மத்தியானங்களில் மூங்கில் குச்சியைச் சீவி, மையில் தோய்த்து, ஆயத்துல் குர்ஸி என்கிற குர்ஆன் வசனத்தை வளைத்து வளைத்து எழுதுவது அவளுடைய ஆசை. முன்பின் தெரியாத ஒரு வீட்டுச் சுவரில் தன் எழுத்து தொங்குவதை ஒரு தரமாவது பார்த்துவிடத் தவித்தாள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைப் பக்கம் பஸ்ஸில் போய்ப் புடைவை விற்கிற கலந்தர், அவள் எழுதியதையும் மூட்டையில் வைத்துக் கொண்டுபோனான். ஒன்றுகூட விற்காமல் திரும்பி வந்ததில்லை. அதுதான் உறுத்தியது.

சட்டம் போட்டுத் தரவா என்றால் வேண்டாம் என்பான். வார்னிஷ் பூசவே கூடாது என்பான். தண்ணீர் பட்டால் எழுத்து கரையுமா என்று ஒருநாள் கேட்டான். கரையும் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. யார் வீட்டில் மாட்டியிருக்கிறது, காட்டு என்றால் நழுவினான். மக்கத்து எழுத்து என்று சொல்லிக் கண்டியில் கொள்ளை விலைக்கு விற்கிறான் கள்ளன் என்று மஸீஹா முடிவு கட்டினாள்.

கலந்தர் காய்ச்சலில் படுத்த வாரம், நூருன்னிஸா என்று ஒருத்தி இரத்தோட்டையிலிருந்து வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி, முகம் வெளிறிக் கிடந்தது. கலந்தர் அனுப்பிய வேவுக்காரியாக்கும் என்று மஸீஹா அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"முந்தி ரெண்டு பிள்ளை தங்கல ராத்தா. இதாவது தங்கணும்னு ஒங்க எழுத்தக் கழுவிக் குடிக்கிறேன். கருப்பு மையைவிடப் பச்சை மைக்குத்தான் வேகம். குடிச்ச அன்னைக்கே வாந்தி. கண்ணூறு வெளிய போகுதுன்னு கலந்தர் நானா சொன்னாரு. பச்சையில இன்னொண்ணு தாங்க."

பீங்கானில் எழுதிக் கழுவிக் குடிப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் அதைப் பள்ளிவாசல் லெப்பை எழுதுவார், குங்குமப்பூவைக் கரைத்து. மஸீஹாவின் பச்சையோ ஜன்னலுக்குப் பூச வாங்கிய பவுடர்.

"குடிக்காதீங்க தங்கச்சி. அது ஜன்னல் சாயம்."

நூருன்னிஸா நம்பவில்லை. விலையைக் கூட்டத்தான் இந்த நாடகமா என்று கேட்டாள். மஸீஹா உள்ளே ஓடி டின்னைக் கொண்டுவந்து, ஜன்னல் பலகையோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். இரண்டும் ஒரே பச்சை. வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் இருவருக்கும் உயிர் திரும்பியது. வெளியே வரும்போது, வீட்டில் கருப்பு எழுத்து ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று நூருன்னிஸா கேட்டாள்.

"சுவத்துல மாட்டுங்க."

"மாட்டிட்டு?"

மஸீஹாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாத்துக்கிட்டு இருங்க," என்றாள்.

நூருன்னிஸா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதில் என்ன சூது இருக்கிறதோ என்கிற பார்வை அது.