பாதத்தில் வைத்த பொத்தான்

என் தம்பி பெயரில் பன்னிரண்டு காப்புரிமைகள் இருக்கின்றன. அவன் சட்டையில் பொத்தான்தான் ஒழுங்காக இருக்காது. கை குறுக்கே வந்தால் மூடாத லிஃப்ட் கதவில் ஆரம்பித்தான். அப்புறம் ரேடியோ இரைச்சலைக் கழிக்கும் சர்க்யூட், ஈரக் கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காத சுவிட்ச் என்று கண்டுபிடித்துத் தள்ளினான். "ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு குடுக்கிற, நம்ம குளியலறைக் கதவுல தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது" என்று கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

நான் குறைமாதக் குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். எனக்கு வாய் நீளம் என்பது டாக்டர்களுக்கே தெரியும். ஆனால் வேலையில் என் கையை யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கைதான் ஒருநாள் என்னைக் கவிழ்த்தது.

ஒவ்வொரு தொட்டிலுக்கும் மூச்சை எண்ணும் மெஷின் உண்டு. மூச்சு நின்றால் அலறும். குழந்தை தும்மினாலும் அலறும், காலை உதைத்தாலும் அலறும். ஒரு ஷிஃப்டில் நூறு தடவை அலறினால் தொண்ணூற்றொன்பது வெறும் கூச்சல். போகிற போக்கில் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அன்றைக்கும் அமுக்கினேன். அது நூறாவது தடவை. திரும்பிப் பார்த்தபோது குழந்தை நீலம் பாரித்திருந்தது. டாக்டர் ஓடி வந்ததால் பிழைத்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொல்லி அழுதேன். "விடுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் புண்ணியவான் கேட்டது என்ன தெரியுமா?

"சத்தம் கேட்டதும் உன் கை முதல்ல எங்கக்கா போச்சு?"

"மெஷினுக்குத்தான். நீயெல்லாம் மனுஷனாடா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வார்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு வாரம் அசையவில்லை. மெஷினைப் பார்க்கவில்லை, குழந்தைகளைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு பெட்டியோடு வந்தான். காப்புரிமை மனு போடும்வரை எனக்கே கண்ணில் காட்டவில்லை. மூன்றாம் தொட்டிலில் வைத்துப் பார்க்கலாம், பழைய மெஷினும் பக்கத்திலேயே ஓடட்டும் என்றார் பெரிய டாக்டர். அந்தத் தொட்டிலில் ஒரு கிலோகூட இல்லாத ஒரு பெண் குழந்தை. நாங்கள் வைத்த பெயர் கட்டெறும்பு.

"நெஞ்சுல ஒரு சென்சார், மெத்தைக்கு அடியில ஒண்ணு. நெஞ்சு ஆடுறதுல இருந்து மெத்தை ஆடுறதைக் கழிச்சிடும். மிச்சம்தான் மூச்சு. ரேடியோவுல செஞ்ச அதே வேலைதான்க்கா."

"அது சரி, சத்தத்தை நிறுத்துற பொத்தான் எங்க?"

"குழந்தையோட பாதத்துல."

பார்த்தேன். பாதத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு பட்டை. பாதத்தைப் பிடித்து அமுக்கினால்தான் பெட்டி வாயை மூடுமாம்.

"கிறுக்கு, கிறுக்கு! இவ்வளவு பெரிய பெட்டியில ஒரு பொத்தானுக்கு இடமில்லையா?" என்றேன். சிரித்துக்கொண்டே பட்டையைச் சரிசெய்தான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும் தரை, தொட்டில், மேஜைமேல் இருந்த டம்ளர் எல்லாம் அதிர்ந்தன. புதுப் பெட்டி அலறியது. பழைய மெஷினோ பச்சை விளக்கோடு சமர்த்தாக மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது.

"பாத்தியாடா, உன் பெட்டி ஜெனரேட்டருக்கே பயந்துடுச்சு!" என்று பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தம்பியைக் கிண்டல் செய்துகொண்டே கையை நீட்டினேன். பழக்கதோஷம், கை பெட்டிக்குத்தான் போயிற்று. அங்கே பொத்தான் இல்லை. சலித்துக்கொண்டே பாதத்தைப் பிடித்தேன். துவண்டு கிடந்தது. ஐயோ, நெஞ்சு அசையவில்லை.

அமுக்கினேன். பாதம் வெடுக்கென்று மடங்கியது. கட்டெறும்பு திணறி ஒரு மூச்சை இழுத்தாள், இன்னொன்றை இழுத்தாள், பிறகு பூனைக்குட்டிபோல வீறிட்டாள். பெட்டி அடங்கியது. பெரிய டாக்டர் ஓடி வந்தபோது அவருக்கு அங்கே வேலையே இல்லை.

பழைய மெஷின் அவ்வளவு நேரமும் ஜெனரேட்டரின் அதிர்வைத்தான் மூச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தது. மூச்சை மறந்த குறைமாதக் குழந்தையைப் பாதத்தைச் சீண்டித்தான் எழுப்புவோம்; சத்தத்தை நிறுத்தப் போன என் கையையே அந்த வேலையைச் செய்ய வைத்துவிட்டான். நான் அலட்சியமாக இருந்தாலும் பலிக்கிற மாதிரி ஒன்றை எப்படி யோசித்தான்? கூடப் பிறந்தவனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருஷம் கழித்துக் காப்புரிமைப் பத்திரம் வந்தது, பன்னிரண்டாவது. எனக்குப் புரிந்தது படங்கள் மட்டும்தான். நான்காவது படத்தில் ஒரு குட்டிப் பாதம், அதைப் பிடித்த ஒரு கை. கைக்குப் பக்கத்தில் 31 என்று எண். பட்டியலைத் தேடினேன். சென்சாருக்கும் பட்டைக்கும் நடுவில் எழுதியிருந்தது: 31, செவிலியின் கை.

அந்தக் கையின் சுண்டுவிரல் கோணலாக இருந்தது. என் விரல். எனக்கு ஒன்பது வயதில் அவன் கதவை அறைந்து சாத்தியதில் நசுங்கிய விரல்.

"ஏண்டா, படத்துலயாவது நேரா போட்டிருக்கக் கூடாதா?"

"நேரா இருந்தா அது உன் கை இல்லியேக்கா."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவனுடைய முதல் காப்புரிமை அந்த லிஃப்ட் கதவு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.