இறங்கிய இடம்

ஹட்டன் ஸ்டேஷன் பக்கத்துக் காலி வளவில் பெரிய கட்டடம் ஒன்று எழும்பப் போகிறது என்றார்கள். கீழே கடைகள், நடுவில் வங்கியும் அலுவலகங்களும், மேலே தங்கும் அறைகள். வாகனம் நிறுத்த எல்லாருக்கும் ஒரே இடம். ஒருவர் வண்டியை எடுத்துப்போனால் அதே இடத்தில் அடுத்தவர் விடலாம். யோசனை நல்லதுதான். நகரசபையில் திட்டங்களைப் பார்க்கிற எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் இடித்தது.

"ஞாயிறு பேங்க் இல்லை, ஆபீஸ் இல்லை. இடம் சும்மாதானே கிடக்கும், சுதர்ஷினி மிஸ்? டூரிஸ்ட் வேன்களுக்குக் கொடுப்போம்" என்றார், கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் தர்ஷன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வருவதே ஞாயிற்றுக்கிழமைதானே!

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தோட்டத்து லொறி அந்த வளவில்தான் நிற்கும். இறங்கியதும் அம்மா சொல்லுவாள்: "காணாமப் போனா அழுதுக்கிட்டு அலையாத. எறங்குன எடத்துலயே வந்து நில்லு."

ஒரு தடவை வளையல் கடையில் தொலைந்தே போனேன். ஓடிவந்து லொறி டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்துவிட்டு, உளுந்து வடையை இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டு எனக்கு.

லொறி போய் இப்போது வேன். நிற்பது அதே வளவில்தான். அம்மாவும் விடாமல் வருகிறாள். போன் வாங்கிக் கொடுத்தால் அதை அரிசி வாளிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வருவாள். அந்த இடமும் போய்விட்டால் அவள் எங்கே வந்து நிற்பாள்?

"வாற ஞாயிறு உங்க கார்லயே வந்து பாருங்க சார்" என்றேன்.

வந்தார். கார் விட இடம் தேடி டவுனைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் மல்லியப்பூ சந்திப் பக்கம் விட்டுவிட்டு, தூறலில் நனைந்தபடி நடந்து வந்தார். மூச்சு வாங்கியது. வளவு நிறைய நின்ற தோட்டத்து வேன்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். ஞாயிறு முழுக்கத் தோட்டத்து வேன்களுக்கே என்று திட்டம் மாறியது.

கட்டடம் திறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு நானும் அங்கே போயிருந்தேன். அம்மா வேனை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குப் போனாள். சுற்றிலும் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரித் தூண்கள். பழைய அடையாளம் ஒன்றுகூட இல்லை. இடத்தைக் காப்பாற்றி என்ன பயன், அவளுக்கு அடையாளம் தெரிய வேண்டாமா? பயத்தில் வேனை விட்டு நகராமல் நின்றேன்.

பைகளோடு நேராக வந்தாள்.

"எப்படிம்மா கண்டுபுடிச்ச?"

"எடம் எங்கடி தெரியுது, எல்லாம் மாறிப்போச்சு. நீ நிக்கிறது தெரிஞ்சிச்சு, வந்தேன்."

பைக்குள் கையை விட்டு வடையை எடுத்துப் பிய்த்தாள். பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள்.