டெரிக்கின் ஸ்வெட்டரைத் துவைத்தவன்

1

இந்தக் கதை எனக்குச் சலவைக்கடையில் கிடைத்தது. சவுதாம்ப்டனில், எங்கள் தெருமுனையில், காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள் உள்ள கடை. ஒருத்தர் இரண்டு நாய்களோடு உட்கார்ந்திருந்தார். இயந்திரத்துக்குள் ஒரே ஒரு நீல ஸ்வெட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கிழட்டு நாய் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு முனகியது. அவர் முகத்தில் இருந்ததை நான் நன்றாக அறிவேன். பொறாமை. அதுவும் ஜெயித்துவிட்ட பொறாமை.

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பழம்பெரும் துறைமுக நகரின் கோட்டைச் சுவர்கள் மாலை வெயிலில் பொன்னிறமாய்…'

த்தூ. சுற்றுலாத் துறைக்காரன் எழுதின மாதிரி இருக்கிறது. அடுத்தது:

'நைஜல் தன் மனைவியின் முதல் புருஷனை வெறுத்தான். அவன் செத்து ஆறு வருஷம் ஆகியும் வெறுத்தான்.'

இது பரவாயில்லை, இருக்கட்டும்.

அந்த முதல் புருஷன் டெரிக், இதே துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவன். போசன் அவன் வளர்த்த நாய். வெண்டி நைஜலைக் கட்டிக்கொண்டு சாலிஸ்பரிக்குப் போனபோது போசனும் போனான், போசனோடு டெரிக்கின் ஸ்வெட்டரும் போனது. அதில் முகம் புதைத்தால்தான் போசனுக்குத் தூக்கம் வரும். வெண்டிக்குக் குனிந்தால் முழங்கால் வலி. அதனால் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு அதை உதறி, மடித்து, நாய்ப்படுக்கையில் போடுவது நைஜலின் வேலை. பின்னால் இருவரும் சேர்ந்து வாங்கிய குட்டி பிப், டெரிக்கைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அதுவும் அந்த ஸ்வெட்டரில்தான் போய்ப் படுக்கும். நைஜலுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்?

அதனால்தான் நியூயார்க். நைஜலின் தம்பி வீடு அங்கே காலியாக இருக்கிறது. டெரிக்கின் காலடி படாத ஊர். நாய்களை ஏற்றிக்கொள்ளும் கப்பல் இங்கிருந்துதான் கிளம்பும்.

3

கப்பலில் நாய்களுக்குத் தனிக்கூண்டு. ஏற்றும்போது வீட்டில் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தெரிந்த வாசனை இருந்தால் நாய் அடங்கும். ஒருமுறை அந்த ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் போசனை நாய் விடுதியில் விட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. விடுமுறையைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடிவர வேண்டியதாயிற்று.

"போசன் கூண்டுல அமைதியா படுத்தாத்தான் நான் ஏறுவேன்," என்று வெண்டி சொல்லியிருந்தாள். "அடம்பிடிச்சான்னா நீ மட்டும் போ."

"நாய்க்காகவா?"

"ஆமா. நாய்க்காகத்தான்."

(நாய்க்காக மட்டும்தானா? நைஜல் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

4

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள். வெண்டி முடி திருத்தப் போய்விட்டாள். ஸ்வெட்டர் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாய்களோடு ஊர் பார்க்கக் கிளம்பினான் நைஜல். கோட்டைச் சுவரைப் பார்க்க வேண்டும், பழைய கோட்டை வாசலான பார்கேட்டில் படம் எடுக்க வேண்டும் என்றெல்லாம் திட்டம்.

போசனின் திட்டம் வேறு. வருஷக்கணக்கில் இந்த ஊரை மிதிக்காத கிழம், இளவட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு விளக்குக்கம்பத்தில் நின்றது. ஒரு ரொட்டிக்கடை வாசலில் உட்கார்ந்தது. டவுன் கீ படகுத்துறையில் தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. டெரிக் நின்ற இடங்கள். நைஜல் பார்த்த ஊர் அத்தனையும் டெரிக்கின் ஊர்.

கடைசியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மதுக்கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கல்லாவில் இருந்த அம்மாள் கத்தியே விட்டாள்.

"அட, என் ராசா! போசா! எங்கடா போயிட்டே இத்தனை நாளா?" பிறகு நிமிர்ந்தாள். "நீங்க யாரு கண்ணு?"

"வெண்டியோட வீட்டுக்காரன்."

"ஓ. அந்த ரெண்டாவது ஆளா."

நாய்களுக்குக் கேட்காமலே சாஸேஜ் வந்தது. நைஜல் தன் பீரை இரண்டு தரம் கேட்டு வாங்கினான்.

"டெரிக் அங்கதான் உக்காருவான், அந்த ஜன்னலோரமா. அவன் வாயைத் திறந்தா இந்த இடமே குலுங்கும். உங்களுக்குப் பாட வருமா?"

"வராது."

"பரவால்ல, விடுங்க," என்றாள் அவள். அந்தப் பரிதாபத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

[இந்த இடம் வரை என் மனைவி மங்கையிடம் படித்துக் காட்டினேன். "டெரிக் சூப்பரா வந்திருக்கான்ங்க. உங்க நைஜல்தான் சும்மா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறான்," என்றாள். அன்றைக்கே டெரிக்கைப் பற்றிய இரண்டு பத்திகளை வெட்டி எறிந்தேன். அவற்றில் ஒன்று மிக நன்றாக இருந்தது. உங்களுக்குத் தெரிய வேண்டாம்.]

5

சலவைக்கடை. இது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

நைஜல் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? இப்படி அழுக்கு நாறும் துணியை முன்பின் தெரியாத கப்பல்காரர்கள் கையில் எப்படிக் கொடுப்பது, மானம் போகாதா என்றுதான். இந்த ஊர்க்காரர்கள் வேலைக்காரி வருவதற்கு முன்பே வீட்டைப் பெருக்கி வைப்பவர்கள். ஆனால் சோப்புத்தூளை ஒரு கரண்டிக்கு மூன்று கரண்டியாகப் போட்டானே, அது மானத்துக்காகப் போட்டது இல்லை.

அன்று மாலை, அவர்கள் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் வெண்டி அதை எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

"துவைச்சியா?"

"அழுக்கா இருந்துச்சு. கப்பல்ல என்ன நினைப்பாங்க…"

"கப்பல்லயா?" அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நாளைக்குப் பார்ப்போம், நைஜல்," என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தாலாவது தேவலை.

6

முடிவுகள்.

ஒன்று: போசன் ஊளையிடுகிறான், வெண்டி இறங்கிவிடுகிறாள், நைஜல் மேல்தளத்தில் தனியாக…

எழுதக் கை வரவில்லை. இவ்வளவு வயிற்றெரிச்சலோடு ஒரு மனுஷனைக் கடல் நடுவே அனுப்பவா?

இன்னொன்று: போசன் செத்துப்போகிறான். வேண்டாம். நாயைக் கொன்று உங்களை அழவைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முழித்துக்கொண்டிருந்த என்னிடம் மங்கை, வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்:

"ஆறு வருஷமா ஒருத்தன் வாசனை துணியில நிக்குமாங்க? தினம் அதைத் தொட்டு, உதறி, மடிச்சது யாரு? இத்தனை நாளா அந்த நாய் யாரோட வாசனையில தூங்குச்சு? மடையன், தன்னோடதையே துவைச்சு ஊத்திட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொள்பவன் நான். இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? இதை முடிவாகப் போட்டால் கதை அவளுடையது ஆகிவிடும். போட மாட்டேன்.

7

ஆகவே, இதோடு நிறுத்துகிறேன்.

மறுநாள், கப்பல் வாசல். கூண்டுப் பொறுப்பாளர் துணிக்காகக் கை நீட்டுகிறார். நைஜலின் கையில் டெரிக்கின் ஸ்வெட்டர், சோப்பு மணக்க. உடம்பில் அவனுடைய பழுப்பு ஸ்வெட்டர், ஒரு வாரமாகக் கழற்றாதது. வெண்டி பெட்டியோடு இரண்டடி தள்ளி, இன்னும் ஏறாமல். போசன் நீல ஸ்வெட்டரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நீட்டிய அந்தக் கை உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் உரித்தபடி மங்கை சொன்னது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் அவனிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.