நிறம் வந்து சேரவில்லை

என் அண்ணனுக்கு எழுதுவது என்றால் எட்டிக்காய். லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சலை ஒருமுறை படிப்பான், அதற்கு ஒரு நிறம் பூசுவான், அத்தோடு தலைமுழுகிவிடுவான். சண்டைக்காரர்கள் மஞ்சள். நயமாகப் பேசவேண்டியவர்கள் நீலம். ஆபத்தான லிஃப்ட் சிவப்பு. வேலைக்குக் கிளம்பும்போது, பழுதுபார்க்கும் ஆட்களில் ஒருவரான என் கணவர் திரையை ஒரு பார்வை பார்ப்பார். சிவப்பு இருந்தால் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்.

அந்த நிறங்களை ஒரு கம்பெனியின் அஞ்சல் செயலி கொடுத்தது. அதற்குள் போன கடிதத்தை வேறு எந்தச் செயலியிலும் திறக்க முடியாது. "நம்ம கடுதாசியப் பாக்க அவன்கிட்ட சாவி கேக்கணுமா?" என்று நான் கத்தாத நாளில்லை. எந்தச் செயலியிலும் திறக்கிற பொதுமுறை அஞ்சலுக்கு மாறலாம் என்று நச்சரித்து, ஒருவழியாக அவனைச் சம்மதிக்க வைத்தேன். விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். ஒரு கடிதம்கூட விடுபடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

மறுநாள் காலை அண்ணன் வந்து திரையைப் பார்த்தான்.

"என்னம்மா இது, மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சு வெச்சிருக்கே?"

"கடுதாசி அத்தனையும் இருக்குண்ணா. நிறம் அந்தக் கம்பெனியோட சரக்கு. அத வெளிய விடமாட்டாங்க."

முணுமுணுத்தபடி உட்கார்ந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "மாப்பிள்ளை எங்க?"

"துணிக் கிடங்குக்குப் போயிருக்காரு. சரக்கு லிஃப்டுக்கு அடியில ஏதோ சத்தமாம்."

"அது செவப்பாச்சே!"

அடியில் சத்தம் என்றால் குழிக்குள் இறங்க வேண்டும். தலைக்கு மேலே லிஃப்ட் நிற்கும். கணவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழிக்குப் பக்கத்தில் பையோடு போனையும் வைத்துவிடுவது அவர் வழக்கம்.

"எதுக்குண்ணா செவப்பு போட்டே?"

"ஆபத்துன்னு."

"என்ன ஆபத்து?"

அண்ணன் வெள்ளைத் திரையை மேலும் கீழும் உருட்டினான். சில சிவப்பு தேய்ந்த கம்பிவடத்துக்கு, சில குழியில் ஊறும் தண்ணீருக்கு, ஒன்று காவலாளியின் நாய்க்கு. எது எதற்கு என்று அவனுக்கே மறந்துபோயிருந்தது. அவனை அறையலாம் போல இருந்தது. கடிதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டதாக நினைத்த என்னையும்தான்.

கிடங்கின் கடிதங்களைத் தேடியெடுத்துப் படித்தேன். நன்றி, வணக்கம், கதவு இடுக்கு, மறுபடி நன்றி. கிடங்கு மேலாளர் வளவளவென்று எழுதுகிறவர். அதற்கு நடுவே, அண்ணன் என்றோ படித்து நிறம் பூசியிருந்த வரி கிடந்தது: "மெயின் சுவிட்சை அணைத்தால் சற்று நேரத்தில் ஜெனரேட்டர் தானாக ஓடி லிஃப்டுக்கு மின்சாரம் கொடுக்கும். அதையும் நிறுத்திவிட்டு இறங்கச் சொல்லுங்கள்."

கடிதத்தின் அடியில் மேலாளருடைய எண் இருந்தது, அழைத்தேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஓடுவது போனில் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி நின்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் என் கணவரே அழைத்தார். "என்ன கூத்து இது? குழியில ஒரு கால வெச்சேன், இந்த மனுஷன் வந்து சட்டையப் பிடிச்சு இழுத்துட்டாரு. இழுத்த கொஞ்ச நேரத்துல லிஃப்ட் கடகடன்னு கீழ எறங்கி உக்காந்துச்சு." நான் போனைக் காதில் வைத்தபடியே அழுதேன்.

புதிய அஞ்சலிலும் நிறம் பூச வழியிருக்கிறது. அண்ணன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். கிடங்கின் கடிதத்துக்குச் சிவப்பு பூசப்போனவன் விரலை எடுத்துக்கொண்டான். பிறகு, பழுதுபார்க்கப் போகிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு புதுக் கடிதம் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான்.

"துணிக் கிடங்கு. ஜெனரேட்டரையும் நிறுத்து. உள்ளே இறங்குவது என் தங்கை புருஷன்."