முந்துகிற கை

ஆவுடையப்பனுக்கு வாய் நீளம். டெய்ரி ஃபார்ம் என்கிற ஊரின் கோயிலில் அவனும் மச்சினன் கோகுலும் பத்து வருஷம் ஜோடித் தவில் அடித்தார்கள். தாளம் எங்கே பிசகினாலும் பழி கோகுல் தலையில்தான் விழும். மாசித் திருவிழாவில், சப்பரத்துக்கு முன்னால், ஊரே பார்க்க, "தாளத்தப் பின்னால இழுக்கியேலே! கை செத்துப்போச்சா?" என்று கத்திவிட்டான். கோகுல் தவிலைக் கழற்றி வைத்துவிட்டு கடலோர வண்டூருக்குப் போய் மீன்பிடி போட்டில் வேலைக்கு ஏறினான். ஆனி மாதக் காற்றில் அந்த போட் திரும்பவில்லை.

இப்போது ஆவுடையப்பன் வைஜெயந்தியின் அறையில் உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் தாள ஆராய்ச்சி செய்கிற பெண். அந்தத் திருவிழாவுக்கு முந்தின தை மாதம் இரண்டு பேரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ரப்பர் தட்டில் முதலில் தனியாகவும், பிறகு ஒருவர் அடி மற்றவர் காதில் விழ ஜோடியாகவும் தட்டச் சொன்னவள். ஒவ்வொரு அடியும் விழுந்த நேரத்தை அவளுடைய சாஃப்ட்வேர் பதிந்து வைத்திருந்தது.

"அவன் தனியா அடிச்சதப் போடும்மா. கூட அடிச்சுப் பாக்கேன். எம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சா கொஞ்சம் தூங்குவேன்."

போட்டாள். கோகுலின் அடி ஹெட்ஃபோனில் விழுந்ததும் இவனும் ரப்பர் தட்டில் கூடவே தட்ட ஆரம்பித்தான். எட்டு அடி ஒன்றாகப் போயின. பன்னிரண்டில் பிரிந்தன.

"பாத்தியா, இழுக்கான்! இல்ல, மெஷின் கராப்பா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு, அண்ணே." வைஜெயந்தி தயங்கித் தயங்கித் திரையைத் திருப்பினாள். "தனியா தட்டினதுல அவர் கோடு நேரா இருக்கு. உங்க கோடு ஏறிக்கிட்டே போகுது. நீங்கதான் முந்துறீங்க. ஜோடியா தட்டினப்போ அடிக்கு அடி அவர் ஓடி வந்து உங்களப் பிடிச்சிருக்கார். இது வெறும் பதிவு. ஓடி வராது."

அடப்பாவி, பத்து வருஷம்! ஒருதரம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அவன். சொன்னால் மட்டும் இவன் கேட்டிருப்பானா?

"இன்னொருக்கா போடு. இந்தத் தடவ நான் அவனுக்காவ நின்னு அடிக்கேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான். பத்து அடிவரை கை சொன்னபடி கேட்டது. பன்னிரண்டில் முந்திவிட்டது. மறுபடி போடச் சொன்னான். மறுபடியும் பன்னிரண்டுதான்.

ஏழாவது தடவை வைஜெயந்தி, "போதும் அண்ணே" என்று ஹெட்ஃபோனைக் கழற்ற வந்தாள். அவன் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ளே," என்றான் ரப்பர் தட்டைப் பார்த்து, "ஒரேயொருதரம் ஓடி வாலே."

ஹெட்ஃபோனில் கோகுல் தன்பாட்டில், பின்னாலேயே அடித்துக்கொண்டிருந்தான்.